கைக்கும் மூச்சுக்கும் உரிய இடம்

(திருவரங்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, காவிரிப் பாலம் கடந்து, அம்மா மண்டபம் வழியாக இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். வழியில் சுவர்களிலும் கம்பங்களிலும் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் படித்தாலே நம் ஊருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். வர்மம், தொடுசிகிச்சை, அக்குபிரஷர், ஆயுர்வேத மசாஜ், ரெய்கி, பிராணிக் ஹீலிங், மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா. மூட்டுவலிக்கு ஒருவர், தூக்கம் வராததற்கு ஒருவர், மனஅழுத்தத்துக்கு ஒருவர். உடல், மனம், உயிர் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முழுமை மருத்துவம் என்று இவை அனைத்துக்கும் ஒரு பொதுப்பெயரும் வந்துவிட்டது.

சித்த மருத்துவம் படித்தவன் என்பதால் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, இதெல்லாம் பலிக்குமா? போகலாமா, வேண்டாமா?" ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இதில் மூன்று வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கை செய்கிற வேலை. இரண்டு, மூச்சு செய்கிற வேலை. மூன்று, சக்தி என்ற பெயரில் சொல்லப்படுவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்று விளங்கும். கையும் மூச்சும் நோயைத் தாங்க உதவும் பெரிய துணைகள். அவற்றை மருத்துவத்துக்கு எதிராக நிறுத்துகிற நாளில் அவை ஆபத்தாகிவிடுகின்றன. இதைத்தான் இன்று உங்கள் முன் விரிவாக வைக்க விரும்புகிறேன்.

முதலில் நம் ஊர் உடம்புகளை நினைத்துப் பாருங்கள். உறையூரில் தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்கக் குனிந்து நெய்தவர்கள் இருக்கிறார்கள். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் கழுத்தை ஒரே கோணத்தில் வைத்து வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியே கண்ணும் தோளும் ஓய்ந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை! காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை இறக்குகிறவர், பூ கட்டுகிற அம்மா, கணினி முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன மருமகள். இவர்கள் எக்ஸ்ரே எடுத்தால் பல நேரம் பெரிதாக எதுவும் தெரியாது. "ஒண்ணுமில்லை, வலி மாத்திரை போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றுமில்லை என்ற சொல் நோயாளியின் காதில் "உன் வலி பொய்" என்று விழுகிறது. ஆனால் வலி இருக்கிறது. வேலையில் இருக்கிறது, தூக்கக் குறைவில் இருக்கிறது, வட்டிக்கடன் கவலையில் இருக்கிறது. அது உடம்பில் மட்டும் இல்லை, மனத்தில் மட்டும் இல்லை, இரண்டிலும் ஊறிக்கிடக்கிறது. அதனால்தான் விளம்பரத்தைப் பார்த்ததும் ஜனங்கள் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடலையும் உள்ளத்தையும் சேர்த்துப் பார்ப்பதை இந்த ஊருக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்தத் தீவில் வாழ்ந்து, இங்கேயே திருநாடு எய்திய இராமானுசர், சரீரம் என்பது எது என்று ஸ்ரீபாஷ்யத்தில் வரையறுக்கிறார். ஓர் உயிர் எதைத் தாங்குகிறதோ, எதை நடத்துகிறதோ, எது அந்த உயிருக்காகவே இருக்கிறதோ, அதுவே அந்த உயிரின் சரீரம். இந்த உறவை வைத்துத்தான் உலகம் முழுவதும் இறைவனுக்குச் சரீரம் என்று அவர் நிறுவுகிறார். அவர் பேசியது வேதாந்தம், மருத்துவம் அன்று. ஆனாலும் அந்தப் பார்வையில் வளர்ந்தவர்களுக்கு உடம்பு கழித்துப் போட வேண்டிய சுமையாகத் தோன்றாது; பேண வேண்டிய பொருளாகத் தோன்றும்.

அரங்கநாதர் கோயிலுக்குள் அதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. நீராட்டம் உற்சவருக்கு, மூலவருக்குத் தைலக்காப்பு. ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலம் சாற்றினால், அது உலரும்வரை நமக்குத் திருமுக சேவை மட்டும்தான். கடவுளின் மேனிக்கே எண்ணெயும் காத்திருப்பும் வேண்டியிருக்கிறது என்று வைத்த ஊர் இது.

ஆற்றுக்கு அக்கரையில் மலைக்கோட்டைக்குப் போங்கள். தாயுமானவர் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ வேளை. காவிரியில் வெள்ளம். அக்கரையிலிருந்து வர வேண்டிய தாய் வர முடியவில்லை. இறைவனே தாய் வடிவில் வந்து கூட இருந்து பிரசவம் பார்த்தான் என்பது தல வரலாறு. அதை இன்றும் செட்டிப்பெண் மருத்துவம் என்று விழாவாகக் கொண்டாடுகிறோம். சுகப்பிரசவம் வேண்டிக்கொண்ட பெண்கள் வாழைத்தார் படைக்கிறார்கள். உலகில் எத்தனையோ தெய்வங்கள் வரம் தந்து நோய் தீர்த்திருக்கின்றன. இங்கே தெய்வம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டது. வலிப்பவளுக்கு முதலில் வேண்டியது ஓர் ஆள், ஒரு கை. திருச்சிராப்பள்ளியின் மருத்துவ அறிவு அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்தக் கையின் வேலையைப் பார்ப்போம்.

சித்த மருத்துவத்தில் உள்ளே கொடுக்கும் மருந்து 32 வகை, வெளியே செய்யும் மருந்து 32 வகை. பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம், புகை, நசியம் என்று போகும் அந்தப் புறமருந்துப் பட்டியலில் தொக்கணமும் ஒன்று. இன்று மசாஜ் என்கிறோமே, அதுதான். தொக்கணத்தில் ஒன்பது செய்கைகள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். யாருக்கு எதைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்ற தெளிவோடு பிரித்த பிரிவு இது.

ஒரு தோள்பட்டைக்குத் தொக்கணம் செய்வதைக் கிட்ட நின்று பாருங்கள். வந்தவர் வெல்டிங் தொழிலாளி, வலத்தோள் தூக்க முடியவில்லை. மருத்துவர் முதலில் தொடமாட்டார், கேட்பார். காய்ச்சல் உண்டா, சர்க்கரை உண்டா, அடிபட்டதா, வலி மார்பிலிருந்து கைக்கு இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா? அதற்குப் பிறகுதான் எண்ணெய். உளுந்துத் தைலமோ வாதகேசரித் தைலமோ ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுவார்கள். நேரே அடுப்பில் வைப்பதில்லை. தம் முன்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, கழுத்தடியிலிருந்து தோள்முனை நோக்கி உள்ளங்கையால் நீவத் தொடங்குவார். ஐந்தாறு முறை நீவிய பிறகு கட்டைவிரல் தானாகவே ஓரிடத்தில் நிற்கும். அங்கே தசை நெல்லிக்காய் போல இறுகிக் கிடக்கும். அழுத்தினால் வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அனுபவமுள்ள கை அப்போது மேலும் அழுத்தாது, காத்திருக்கும். அவர் மூச்சை விடும்போது அந்த வெளிமூச்சோடு சேர்ந்து விரல் இறங்கும். கடைசியில் முழங்கையைத் தாங்கிப் பிடித்துத் தோளை மெல்லச் சுழற்றி அசைப்பார்கள். பிறகு நொச்சி இலையும் ஆமணக்கு இலையும் வதக்கித் துணியில் முடிந்து ஓர் ஒற்றடம். அரை மணி நேர வேலை. அந்த அரை மணியில் அந்த மனிதர் தன் வேலையையும் வீட்டையும் பற்றிப் பாதிக் கதை சொல்லியிருப்பார்.

இதில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? தோலில் இருக்கும் நரம்புகளில் ஒரு வகை, மெதுவான வருடலுக்கென்றே இருக்கிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போதுதான் அந்த நரம்புகள் நன்றாகப் பேசுகின்றன. அதைவிட வேகமானால் அடங்கிவிடுகின்றன. குழந்தையைத் தடவிக்கொடுக்கும் தாயின் கை ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் போகிறது. அந்த நரம்புகள் கொண்டுபோகும் செய்தி, 'எங்கே தொட்டார்கள்' என்பதைவிட 'பயமில்லை' என்பதுதான். பயம் குறைந்தால் தசையின் இறுக்கம் குறைகிறது. இறுக்கம் குறைந்தால் வலி குறைகிறது. முதுகுவலிக்கு மசாஜ் கொஞ்ச காலத்துக்கு நிவாரணம் தருகிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. நெடுநாள் பலன் வேண்டுமானால் உடற்பயிற்சியும் வேலை செய்யும் முறையில் மாற்றமும் சேர வேண்டும். உடம்பிலிருக்கும் நஞ்சையெல்லாம் பிழிந்து வெளியேற்றுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. கை அதைச் செய்வதில்லை.

தொடுகையின் வலிமைக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் குறைமாதக் குழந்தைகளை வைக்கப் போதிய கருவிகள் இல்லாமல், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கத் தொடங்கினார்கள். இன்று அதைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. எடை குறைந்து பிறந்த பிள்ளைகளின் நிலை சீராகும்வரை காத்திருந்து தாயிடம் கொடுத்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவை 15.7 விழுக்காடு. பிறந்த உடனேயே தாயின் மார்பில் சேர்த்த பிரிவில் 12 விழுக்காடு. தாயின் மேனிச் சூடு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் மருத்துவமனையில்தான் இருந்தார்கள். பிராணவாயு இருந்தது, மருந்து இருந்தது, செவிலியர் இருந்தார்கள். தாயையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். நான் இன்று சொல்ல வந்த எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

நம் வீடுகளில் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் இந்த மரபுதான். அதை விடாதீர்கள். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மூக்கில் ஊதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

வர்மத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 108 வர்மங்கள், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்மார் சிலம்பத்தோடும் அடிமுறையோடும் சேர்த்துக் காத்துவந்த வித்தை. அடிபட்ட இடத்தை இளக்குவதற்கு அடங்கல் என்ற முறை உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்று வர்ம சிகிச்சை மருத்துவர்களின் கண்காணிப்பில் நடக்கிறது. பல்லாண்டு குருவோடு இருந்து கற்க வேண்டிய ஒன்றை வார இறுதி வகுப்பில் கற்றுவிட்டு, கழுத்தைச் 'சொடுக்கு' எடுப்பவர்களிடம் போகாதீர்கள். கழுத்தில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. திடீரெனத் திருப்பினால் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்பு உண்டு.

அடுத்தது மூச்சு. இதை நான் பேசிப் புரியவைப்பதைவிட நீங்களே செய்து பார்ப்பது நல்லது. கைப்பேசியை மடியில் வையுங்கள். முதுகைச் சாய்த்து, தோளைத் தளரவிட்டு, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சு உள்ளே போகட்டும். கை மேலே எழ வேண்டும். ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். அவசரம் வேண்டாம், இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். இப்படியே இன்னும் ஐந்து முறை.

இப்போது ஒரு நிமிடம் ஆயிற்று. அரங்கத்தில் இருமல் சத்தம்கூடக் குறைந்திருக்கிறது. வழக்கமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிற நாம் ஆறாகக் குறைத்தோம். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்று இறங்குகிறது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடம்பின் தானியங்கி ஏற்பாடு அந்தத் தாளத்தில் நன்றாக வேலை செய்கிறது. இத்தாலிய மருத்துவர்கள் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், திபெத்திய மந்திரம் ஒன்றை ஓதவும் வைத்து அளந்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு வந்து நின்றது. மதம் வேறு, மொழி வேறு, மூச்சின் கணக்கு ஒன்று. மார்கழியில் திருப்பாவை சேவிக்கும் கோஷ்டியில் நின்றவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. நீண்ட அடியை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் பழக்கம் வெளிமூச்சைத் தானே நீட்டிவிடுகிறது.

இந்த அறிவை எளிய மக்களிடம் கொண்டுபோனவர்களில் வேதாத்திரி மகரிஷியை நன்றியோடு சொல்ல வேண்டும். 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், கண் பயிற்சிகளும் மூச்சுப் பயிற்சியும் மட்டுமல்ல, தன் உடம்பைத் தானே தேய்த்துவிடுவதும், அழுத்தப் புள்ளிகளை அழுத்துவதும், கடைசியில் உடலைத் தளர்த்திப் படுப்பதும் இருக்கின்றன. தறியில் குனிந்த முதுகின் வலி தெரிந்த ஒருவர் அமைத்த முறை என்பது அதைச் செய்து பார்த்தால் புரியும். இன்று நம் ஊரில் காலை நேரங்களில் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் இதைச் சேர்ந்து செய்கிறார்கள். சேர்ந்து செய்வதிலும் ஒரு நன்மை இருக்கிறது: நாளைக்கு நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருப்பார்.

மேலைநாட்டிலும் இதே திசையில் வேலை நடந்திருக்கிறது. 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியுள்ளவர்களுக்கு தியானப் பயிற்சி தொடங்கினார். வலி அடியோடு போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. வலியோடு சண்டை குறையும் என்றார். தியானத்துக்கும் ஆசனத்துக்கும் நான் இவ்வளவுதான் உறுதி தருவேன். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைச் செய்யக் கூடாது. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கடுமையான மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் நீண்ட தியான முகாம்களில் சேரக் கூடாது.

மூன்றாவது, சக்தி சிகிச்சை. இதை மரியாதையோடும் தெளிவோடும் பேச வேண்டும். மிக்காவோ உசுயி ஜப்பானில் 1922இல் தொடங்கியது ரெய்கி. பிலிப்பைன்ஸில் வாழ்ந்த சோவா கோக் சூயி 1980களில் வகுத்து 1987இல் நூலாக்கியது பிராணிக் ஹீலிங். உடலைச் சுற்றி ஓர் உயிராற்றல் புலம் இருக்கிறது, உடலைத் தொடாமலேகூட அதைச் சீர்செய்யலாம் என்பது இவற்றின் அடிப்படை. பிராணன், அபானன் என்று பத்து வாயுக்களைச் சொல்லி வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சு அந்நியமாகப் படுவதில்லை. அதனாலேயே நாம் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்கிறோம்.

சோதித்துப் பார்த்தவள் அமெரிக்காவில் ஒரு பள்ளிச் சிறுமி. எமிலி ரோசா என்று பெயர். ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் பணிக்காக இதை எடுத்துக்கொண்டாள். கையை நோயாளியின் மேல் படாமல் நகர்த்தி ஆற்றலை உணர்வதாகச் சொன்ன 21 சிகிச்சையாளர்களை ஒரு தடுப்புக்கு அப்பால் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் துளைகள் வழியாக நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி அவர்களின் இடக்கைக்கு மேலோ வலக்கைக்கு மேலோ தன் கையை நீட்டினாள். எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறை கேட்டாள். 123 முறை சரியாகச் சொன்னார்கள். 44 விழுக்காடு. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது.

அப்படியானால் ரெய்கிக்குப் போய்வந்தவர்கள் நிம்மதியாக இருந்தது என்கிறார்களே, அது பொய்யா? இல்லை. நிம்மதி உண்மை. அதற்குக் காரணம் வேறு. 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் குடல் எரிச்சல் நோயுள்ள 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிகிச்சை இல்லை, காத்திருப்புப் பட்டியல் மட்டும். இரண்டாவது பிரிவுக்குக் குத்தாத பொய் ஊசி; மருத்துவர் அதிகம் பேசமாட்டார். மூன்றாவது பிரிவுக்கும் அதே பொய் ஊசிதான். ஆனால் மருத்துவர் உட்கார்ந்து கேட்பார், கனிவாகப் பேசுவார், நம்பிக்கை தருவார். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் என்று சொன்னவர்கள் முதல் பிரிவில் 28 விழுக்காடு, இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. ஊசி குத்தவே இல்லை; சிகிச்சை கிடைக்கிறது என்ற எண்ணமும் கவனிப்பும் செய்த வேலை அது. ஒரு மணி நேரம் ஒருவர் உங்களுக்காகவே உட்கார்ந்திருக்கிறார், அமைதியான அறை, யாரும் அவசரப்படுத்தவில்லை என்றால் பதற்றம் தணியும், தூக்கம் வரும். பல நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்த ஆய்வு 2017இல் வந்தது. சுவீடனில் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 நொடி. நம் புறநோயாளர் வரிசையில் நின்றவர்களுக்கு நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவம் விட்டுவைத்த அந்த இடத்தைத்தான் சக்தி சிகிச்சை நிரப்புகிறது.

ஆனால் நிம்மதி வேறு, நோய் தீர்வது வேறு. கட்டி கரையாது, இன்சுலின் சுரக்காது, அடைத்த இரத்தக்குழாய் திறக்காது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிர் போய்விடும். 2018இல் திருப்பூரில் இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்ற ஓர் இளம் ஆசிரியை இரத்தப்போக்கில் இறந்ததை நாடே அறியும். தாயுமானவர் ஊரில் நின்று சொல்கிறேன்: பிரசவத்தில் அன்பான கை வேண்டும், அந்தக் கைக்குப் பக்கத்திலேயே இரத்தமும் அறுவை அரங்கும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டிய நிலை நமக்கு இன்று இல்லை.

மரபு அப்படித்தான் சொன்னது என்று எவராவது உங்களிடம் மருந்தை நிறுத்தச் சொன்னால், மரபைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். இந்தக் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கிறது. சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, கருடவாகன பட்டர் என்பவர் இங்கிருந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்ததையும், தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளச் செய்ததையும் பேசுகிறது. அந்த ஆரோக்கியசாலையின் தொடக்கம் போசளர் காலத்துக்கு, 13ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. வழிபாடு நடந்த இடத்திலேயே மருந்தும் காய்ச்சியிருக்கிறார்கள்.

இன்னும் முன்னால் போனால், காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அங்கே வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் ஊதியம் எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பஞ்சாக தைலம், உத்தம கர்ணாதி தைலம் என எண்ணெய்கள் இருக்கின்றன. கத்தியும் எண்ணெயும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பொறுப்புள்ள மருத்துவர் ஒருவர் மேற்பார்த்தார். அதுதான் நம் மரபு.

நம் அரசு மருத்துவக் கல்லூரியின் பெயரையே பாருங்கள். கி.ஆ.பெ. விசுவநாதம் பெயர். முத்தமிழ்க் காவலரான அவர் தமிழ் மருந்துகளைப் பற்றி நூல் எழுதியவர். நவீன மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி தமிழ் மருத்துவத்தை நேசித்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது வெறும் பெயராக நின்றுவிடக் கூடாது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் புற்றுநோய், நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சுவரில் அப்படி ஒரு வாசகம் கண்டால் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

ஒருவரிடம் உடம்பை ஒப்படைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் படித்தீர்கள்? நான் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா? எந்த நிலையில் என்னை மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் போக வேண்டாம்.

சில அறிகுறிகளுக்கு எண்ணெயும் இல்லை, ஒற்றடமும் இல்லை, நேரே மருத்துவமனைதான். மார்பு இறுக்கம், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், முதுகுவலியோடு கால் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலிப்பது. அந்தக் காலை அழுத்திவிட்டால் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் சூட்டு ஒற்றடம் கொடுத்தால் வெந்து புண்ணாகிவிடும். மார்பில் கட்டி தென்பட்டால் அதை நீவ வேண்டாம், பரிசோதனைக்குப் போங்கள்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்கள். கைவைத்தியம் செய்கிறவர்களே, உங்களிடம் நல்ல வித்தை இருக்கிறது. அதன் எல்லையை நீங்களே நோயாளியிடம் முதல் நாளில் சொல்லிவிடுங்கள். உங்கள் மதிப்பு குறையாது, கூடும். மருத்துவ நண்பர்களே, நோயாளி மசாஜுக்கோ தியானத்துக்கோ போகிறார் என்றால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் மறைப்பார். மறைத்த பிறகுதான் விபரீதம் வரும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களே, வலிக்கும் பெரியவர்களின் காலைப் பிடித்துவிட நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பட்டம் வேண்டாம். கால் மணி நேரமும், கொஞ்சம் நல்லெண்ணெயும், வீக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் கவனமும் போதும். பிடித்துவிடும்போதே, மாத்திரை போட்டாயிற்றா, அடுத்த பரிசோதனை எப்போது என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்கிற வீட்டில் எந்தப் போலி வைத்தியருக்கும் வேலை இருக்காது.